அளவுக்கு ஒரு கை

எதிர்வீட்டு உளியாருக்குக் கல்லில் பெயர் வெட்டுவதுதான் தொழில். சின்ன மகள் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, ரோமானிய நாகரிகம் படிக்கப் போனபோது, செத்துப்போனவர்களைப் படித்தால் யார் சோறு போடுவான் என்று இரண்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

ஆய்வேட்டில்தான் அப்பாவும் மகளும் ராசியானார்கள். ரோமில் ஒருவன் ஆகாதவனாகிவிட்டால் கல்வெட்டிலிருந்து அவன் பெயரைச் செதுக்கி எடுத்துவிடுவார்களாம். எடுத்த இடம் மட்டும் பள்ளமாக நின்று காட்டிக்கொடுக்குமாம். உளியை எந்தச் சாய்வில் பிடித்திருப்பார்கள் என்று அவள் கேட்க, இவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சொன்னா புரியாது கண்ணு, செஞ்சு காட்டுறேன்" என்றார்.

அவர்கள் வாசலில் குடும்பத்தார் நால்வர் பெயரும் வெட்டிய கருங்கல் ஒன்று பதித்திருக்கிறது. மூன்றாவது பெயர் பெரிய மகளுடையது. கூட வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உளியார் அந்தப் பெயரில்தான் உளியை வைத்தார். வெட்டுமுன் ஒரு படம், வெட்டியபின் ஒரு படம் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். அம்மாக்காரி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பெரியவள் எனக்குப் போன் செய்தாள். கைக்குழந்தையோடு வந்தால் அப்பா வீட்டுக்குள் சேர்ப்பாரா என்று கேட்டாள். இப்போதெல்லாம் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார் என்றேன். அது பொய்யில்லை. கல்லைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வரமாட்டாளே; வந்தால்தானே பார்க்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. மணியை அழுத்திவிட்டுத் திரும்பியவள் கல்லைப் பார்த்தாள். அம்மா பெயருக்கும் தங்கை பெயருக்கும் நடுவே விரல் உள்ளே இறங்கியது. நான் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

கதவைத் திறந்தது சின்னவள்.

"என் பேரு எங்கடி?"

"கைய எடுத்துராதக்கா, அப்படியே வை." உள்ளே ஓடி கேமராவோடு வந்தாள். "பள்ளம் எவ்வளவு பெருசுன்னு படத்துல தெரியவே மாட்டேங்குது. பக்கத்துல ஒரு கை இருந்தா அளவு புரியும்."

பெரியவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. மூன்று படம் ஆயிற்று.

உள்ளேயிருந்து உளியார் கேட்டார். "யாரும்மா வாசல்ல?"

"யாரும் இல்லப்பா. படம் எடுத்துட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே சின்னவள் கதவைச் சாத்தினாள்.

ஆய்வேட்டுக்கு முதல் பரிசாம். உளியார் வீடு வீடாக வந்து அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார், தன் வேலைப்பாட்டுக்காக. படத்தின் கீழே 'அளவுக்கு ஒரு கை' என்று அச்சாகியிருக்கிறது. யார் கை என்று கேட்டேன்.

"தெரியல. யாரையோ கூப்பிட்டு வெச்சிருக்கா" என்றார், சிரித்த முகமாக.