ஓட்டுபவர் பெயர்

ஒன்பதாம் பக்கத்தை நான் படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு பக்கத்தையும் எழுத்து விடாமல் படித்தேன். இருபது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் எந்தத் தாளிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டான். வேலைக்காக நாடு மாறி வருகிறவர் தன் காரை வரி கட்டாமல் கொண்டுவரலாம்; ஆனால் முதல் பன்னிரண்டு மாதம் அவர் ஒருவர்தான் அதை ஓட்ட வேண்டும்; கணவனோ மனைவியோ, வேறு யார் ஓட்டினாலும் வண்டி பறிமுதல். அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். அதன் கீழேயும் கையெழுத்துப் போட்டேன். என் மனைவியிடம் மூச்சு விடவில்லை.

அந்தக் காரை ஓட்டுகிறவள் அவள்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறோம். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். பதினோரு வருடமாக அந்தக் கைப்பிடியைப் பிடித்தே தன் மருந்துக்கடைக்குப் போய் வந்தாள். ஊரில் எல்லோருக்கும் அவள் மருந்துக்கடை அக்கா. என்னை யாராவது விசாரித்தால், "அட, மருந்துக்கடை அக்கா வீட்டுக்காரர்" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு.

வெளிநாட்டு வேலை உறுதியானபோது கிளம்ப ஏழு மாதம் இருந்தது. கப்பலில் கார் அனுப்பிவைக்கும் ஏஜென்ட் சொன்னார்: "விசா உங்க பேர்ல சார். வண்டியும் ஆறு மாசம் முன்னாடியே உங்க பேர்ல இருந்தாத்தான் வரிவிலக்கு. உடனே மாத்திடுங்க."

அன்றைக்கு எனக்கும் வேறெதுவும் தெரியாது. பெயர் மாற்றும் தாளை நீட்டியதும் அவள் சிரித்தாள்.

"இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் கட்டினது நானு, இப்ப ஓனர் நீங்களா? சரிங்க முதலாளி. டிரைவர் வேலையாவது போட்டுக் குடுங்க."

"சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குற?"

"மாசத்துக்கு ஒரு நாள் சமையல். அதுவும் வாயில வைக்கிற மாதிரி இருக்கணும்."

இரண்டு வாரம் கழித்து அந்த நாட்டுச் சுங்கத்துறையிடமிருந்து அந்தப் பதினான்கு பக்கம் வந்தது. வரியைக் கட்டிவிட்டால் எந்த நிபந்தனையும் கிடையாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் கடையை விற்றால் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பணத்தை வைத்துத் தரைத்தளத்தில், படியில்லாத ஒரு வீடு வாங்குவது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அங்கே போனபிறகு யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அதெல்லாம் உண்மைக் காரணம் இல்லை. சொன்னால் அவள் கடையை விற்க மாட்டாள், நாடு மாற மாட்டாள், எனக்கு அந்த வேலை போய்விடும். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. அவள் கடையை விற்றாள்.

இங்கே வந்த வாரமே வங்கிக்குப் போனோம். கணக்குத் தொடங்கும் பெண் என்னைப் பார்த்து, "இவங்க ஏதாவது வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டார்.

"இவங்ககிட்டயே கேக்கலாம்," என்றாள் மனைவி. "கால்தான் வராது. காது நல்லாவே கேக்கும்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் விதி விதிதான். மனைவியின் குடியிருப்பு அட்டை வர மூன்று மாதம் ஆகும், அதுவரை கணக்கு என் பெயரில் மட்டும்தான் இருக்க முடியும். படிவத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே கட்டத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று தட்டினார். கடை விற்ற பணம் மொத்தமும் என் பெயருக்கு வந்து சேர்ந்தது. வாசலுக்கு வந்ததும் அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வண்டி வர இன்னும் மூணு வாரம்தானே?"

கம்பெனி கொடுத்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் ஒழுங்காகவே ஓடியது, முதல் நாளே மெஷின் ரூம் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கோளாறு தெருவில் இருந்தது. வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை செங்குத்தான இறக்கம். சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளால் இறங்க முடியும், ஏற முடியாது. ஒரு தடவை இறங்கிவிட்டு, யாரோ முன்பின் தெரியாத ஆள் தள்ளிவிட மேலே வந்தாள். அதற்குப் பிறகு நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் வெளியே போகவில்லை.

கப்பல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். அவள் அதற்கு 'நம்ம ஆளு' என்று பெயர் வைத்துவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நம்ம ஆளு இன்னைக்கு நல்லா நகந்திருக்கான்" என்பாள். இங்கே மருந்தாளராக வேலை செய்யத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நகரத்தின் அந்தக் கோடியில், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. அவளுடைய லைசென்ஸ் இங்கே ஒரு வருடம் செல்லும் என்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் மென்று முழுங்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

சுங்க அலுவலகம் துறைமுகத்துக்கு உள்ளே ஒரு தகரக் கூரைக் கட்டடம். அங்கிருந்த அதிகாரியம்மாள் நல்லவர். நிபந்தனைகளை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் சாவியைத் தர வேண்டுமாம். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாம் பக்கத்தையும் படித்தார்.

"இன்னொரு தடவை படிங்க," என்றாள் மனைவி.

படித்தார்.

"ஆனா அதை ஓட்டுறதே நான்தானே. எனக்காகத்தானே அந்தக் கைப்பிடி."

"ஒரு வருஷத்துக்கு நீங்க ஓட்ட முடியாதும்மா. சார் மட்டும்தான். அவருக்கு இது தெரியும், எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கார்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இதைப் படிச்சீங்களா நீங்க?"

"கவனிக்கல," என்றேன். "அவசரத்துல போட்டுட்டேன்."

"எப்படிக் கவனிப்பீங்க? உங்களுக்கு ரெண்டு கால் இருக்கு!" அந்தக் கூரைக்குள் அவள் குரல் எதிரொலித்தது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "கடை போச்சு. காசு உங்க பேர்ல. வண்டி உங்க பேர்ல. நான் எங்கங்க இருக்கேன்?"

வரியைக் கட்டிவிடுகிறேன் என்று அதிகாரியம்மாளிடம் சொன்னேன். போனை எடுத்து, ரகசிய எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பணம் போய்ச் சேர்ந்ததும் அவர் ஒன்பதாம் பக்கத்தில் குறுக்கே கோடு இழுத்து முத்திரை குத்தினார். சாவியை எழுந்து வந்து அவள் கையிலேயே கொடுத்தார்.

வண்டி முழுக்கக் கடல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அவள் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். நான் நாற்காலியை மடித்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். துறைமுகச் சாலை நீளமாக, நேராகக் கிடந்தது. அவள் கைப்பிடியை இழுத்தாள். எனக்குப் பல வாரமாகப் பார்க்கக் கிடைக்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

கொஞ்ச தூரம் போனபின் அவளே பேசினாள்.

"அங்க வெச்சு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுங்க. அத்தனை பேர் பாத்தாங்க. கால் இருக்குன்னு வேற சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"பரவால்ல."

"பதினாலு பக்கம். யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? வீடு வாங்க வெச்சிருந்த காசையும் யோசிக்காம எடுத்துக் கட்டிட்டீங்க. வேற ஆளா இருந்தா ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னு சொல்லியிருப்பான்."

அவள் திட்டியிருந்தால் கடைசிவரை மறைத்திருப்பேன். மறைக்க எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் படிச்சேன்," என்றேன்.

"என்னது?"

"அந்தப் பக்கத்தை. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்போ?"

இதற்கும் ஒரு பொய் கைவசம் இருந்தது.

"நீ கடையை விக்கிறதுக்கு முன்னாடி."

கைப்பிடியை மெதுவாக முன்னால் தள்ளி, ஓரமாக ஒரு கிடங்கின் மதிலை ஒட்டி வண்டியை நிறுத்தினாள். அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று நான் காத்திருந்தேன்.

"இறங்குங்க."

இறங்கினேன். கதவைச் சாத்தப்போனபோது தடுத்தாள்.

"பின்னாடி இருந்தா எனக்குக் கை எட்டாது. நாற்காலியை எடுத்து முன் சீட்ல வெச்சுட்டுப் போங்க."

பின்கதவைத் திறந்து எடுத்தேன். அதன் கனம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தூக்க நேரமானது. நான் எழுந்த இடத்தில், இன்னும் சூடு ஆறாத அந்த சீட்டில், நாற்காலியை வைத்தேன். அவள் கையை நீட்டி அதற்கு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஒரு லாரி கடந்து போகும்வரை காத்திருந்து, சாலையில் ஏறிப் போய்விட்டாள்.