முதலிடத்துக்கு மேலே ஒரு கோடு

...எட்டும் ஒன்பதும் பதினேழு, பதினேழும் மூன்றும் இருபது, ஓய், இந்த ஓய் எங்கிருந்து வருகிறது, காலைப் பூசை முடிந்து ஓஃபிர் ரோடு மாதா கோயிலிலிருந்து திரும்பியதிலிருந்து இப்படித்தான், கூட்டல் முடிகிற இடத்தில் எல்லாம் தானாக ஒரு ஓய் வந்து விழுகிறது, அந்தக் கிளப் டான்ஸ் பாட்டின் ஓய், எந்தக் கடையில் கேட்டேனோ, பஸ் ஸ்டாண்டிலோ, காதில் ஏறிய ஈ மாதிரி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது... சரி, இருபது. இன்னும் ஒன்பது அட்டைகள். மின்விசிறியை ஒன்றில் வைத்தால் புழுக்கம், இரண்டில் வைத்தால் அட்டைகள் பறக்கும், ஆகவே மைலோ டப்பாவை ஒரு கட்டின் மேலும் க்ரீம் க்ராக்கர் டின்னை இன்னொரு கட்டின் மேலும் வைத்துவிட்டு இரண்டிலேயே விட்டிருக்கிறேன், பதினேழு வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இது ஒரு கணக்கா. வருடா வருடம் டிசம்பர் லீவில் நேயர் மன்றத்து உறுப்பினர்கள் ஆளுக்கு ஓர் அட்டையில் அந்த வருடம் தங்களுக்குப் பிடித்த பத்து இசைத்தட்டுகளை வரிசையாக எழுதி அனுப்புவார்கள், முதலாவதுக்குப் பத்து மார்க், இரண்டாவதுக்கு ஒன்பது, அப்படியே இறங்கி பத்தாவதுக்கு ஒன்று, எல்லாவற்றையும் கூட்டி ஒரே பட்டியலாக்கி அடியில் 'கணக்குச் சரி, சி. குணவதி' என்று நான் எழுதினால் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒன்பது வருடமாகத் திறந்ததில்லை. இது பத்தாவது வருடம், 1967, இருநூற்றுப் பதினான்கு அட்டைகள், ஐந்து மணிக்கு ரிக்கார்டுக் கடை சேக் தாவூது வந்து பட்டியலை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போவார், நோன்பு திறக்கிறதுக்கு முன்னாடி வந்துடறேன் டீச்சர் என்று சொல்லியிருக்கிறார், இப்போது மணி மூன்று, நான் முடித்துவிடுவேன். எனக்கு எதுவும் மிச்சம் நிற்பதில்லை.

தஞ்சோங் பகார் குவார்ட்டர்ஸ் ஒலி முகம்மது, இவர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி, பத்தாவதாக அந்தக் கிளப் டான்ஸ் தட்டை எழுதிப் பக்கத்திலேயே 'மன்னிக்கவும்' என்று போட்டிருக்கிறார், சிரித்துவிட்டு ஒரு மார்க் கொடுத்தேன், இருநூற்றுச் சொச்சம் பேரில் அதை எழுதத் துணிந்தவர் இவர் ஒருவர்தான், மன்னித்தேன் ஐயா. செம்பவாங் நேவல் பேஸிலிருந்து மட்டும் ஐம்பத்திரண்டு அட்டைகள், பேஸை மூடப்போகிறான் வெள்ளைக்காரன், யாருக்கு வேலை இருக்கும் யாருக்குப் போகும் என்று தெரியாமல் ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள், ஆனாலும் பத்துத் தட்டை ஒழுங்காக எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். பாக்கியலட்சுமியின் புருஷனுக்கும் அங்கேதான் வேலை, கப்பல் பட்டறையில். அவள் போன ஞாயிற்றுக்கிழமை இதே நாற்காலியில், நுனியில், எழுந்துவிடப்போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். இந்த ஊரிலேயே பாடி இந்த ஊரிலேயே பதிவான தட்டு அவளுடையது, நாலே பாட்டு, ராவேலைக்குப் போனவன் திரும்பும்வரை பிள்ளையைத் தூங்கவைக்கிற ஒரு தாலாட்டு, அதைக் கேட்டால் எனக்கே, பிள்ளை குட்டி இல்லாத எனக்கே, தொண்டை அடைக்கும். மன்றத் தலைவர் தில்லையம்பலம் கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார், இந்த வருடம் அவள் தட்டு முதலிடம் வந்தால் மன்றச் செலவில் இன்னொரு தட்டு, இல்லையென்றால் இல்லை. "அக்கா, நான் எத்தனாவதுன்னு மட்டும் சொல்லுங்க, சொல்லலைன்னாலும் பரவாயில்ல," என்றாள். கணக்கு முடியாமல் நான் சொல்லமாட்டேன் என்றேன். "அவருக்கு வேலை போயிட்டா நாங்க ஊருக்குப் போயிடுவோம்க்கா, அதுக்குள்ள இன்னொண்ணு பாடிட்டா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் காப்பியைக் குடித்தாள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் வருத்தத்துக்கு மார்க் உண்டா. இல்லை.

அவள் முதலிடம் வரவில்லை, அதுதான் விஷயம். முருகன் பாட்டுத் தட்டு தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, பாக்கியலட்சுமி எண்ணூற்று அறுபத்திரண்டு, கையில் ஒரே ஓர் அட்டை, அது பத்து மார்க் கொடுத்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆறாவது வருடமாக அதே முருகன் தட்டு முதலிடம், போன வருடம் முடிவை அறிவித்த உரையில் நான்தான் சொன்னேன், நம் மக்களின் ரசனை காற்றடித்தால் அசைகிற ரசனை அல்ல என்று, கைதட்டினார்கள், எனக்கும் அந்த வாக்கியம் பிடித்திருந்தது. சரி, கடைசி அட்டை. யார், சேக் தாவூதா, கடைக்காரர் எப்போதும் கடைசியில்தான் அனுப்புவார். முதலாவது, நாகூர்ப் பாட்டுத் தட்டு. இரண்டாவது, பாக்கியலட்சுமி. பத்து, ஒன்பது... ஓய். எழுதப்போன கை நின்றது. தாவூது கடை எனக்குத் தெரியாதா, பஃபலோ ரோடில் காய்கறி வாங்க வாரம் மூன்று நாள் போகிறேனே, காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டு அந்த நாகூர்த் தட்டில் ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று, முடிந்ததும் எடுத்து உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார், மறுநாள் காலைவரை அது வெளியே வராது. அதற்குப் பிறகுதான் கடை. அதற்குப் பிறகு ஓடுவது பாக்கியலட்சுமி. எதிர்த்த தேநீர்க் கடையிலும் அப்படித்தான், முதலில் ஒரு சாமிப் பாட்டு, பிறகு வியாபாரம். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டுகிறவன் எந்தத் தட்டை முதலில் வைப்பான்? பிள்ளையாரை வைப்பான். பிள்ளையார் பாட்டுத்தான் அவனுக்கு உயிர் என்று யாராவது எழுதிவைப்பார்களா?

டப்பாவைத் தூக்கிவிட்டேன், அட்டைகள் பறந்தால் பறக்கட்டும். முதல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். முருகன், முருகன், மாரியம்மன், நாகூர், முருகன், வேளாங்கண்ணி, மாரியம்மன்... தலைப்பில் உ போட்டவர் உ போட்ட கையோடு முருகனை எழுதியிருக்கிறார், 786 போட்டவர் நாகூரை, சிலுவை போட்டவர் மாதாவை. முருகன் தொண்ணூற்றாறு, நாகூர் நாற்பத்தொன்று, மாரியம்மன் முப்பத்தெட்டு, வேளாங்கண்ணி இருபத்துமூன்று, ஆக நூற்றுத் தொண்ணூற்றெட்டு, மிச்சம் பதினாறே பேர், எல்லாம் காலேஜ் பிள்ளைகள். அடடா, இவர்கள் பிடித்ததைக் கேட்டதற்கு ஒலிபெருக்கிக்காரன் மாதிரி தட்டு போட்டிருக்கிறார்கள்! சாமிக்கு மேலே காதல் பாட்டை எழுத யாருக்குக் கை வரும்? எழுதினால் கண்ணைக் குத்தாதா? நான் அதற்குப் பத்துப் பத்தாக மார்க் போட்டுக்கொண்டிருந்தேன், ஒன்பது வருடமாக, கடவுளுக்கு மார்க் போட்ட ஒரே கணக்கு டீச்சர் சிங்கப்பூரில் நான்தான். கூட்டல் ஒன்றுகூடத் தவறில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எந்தப் பிள்ளையாவது இப்படிக் கேள்வியையே படிக்காமல் விடையை மட்டும் அழகாக எழுதியிருந்தால் பெஞ்சில் ஏற்றியிருப்பேன். நீ கத்தோலிக்கச்சி, உனக்கு இது தெரியாது என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன், உடனே என் அட்டை ஞாபகம் வந்தது, எப்போதும் முதல் அட்டை என்னுடையது, கட்டின் அடியிலிருந்து உருவினேன், முதலாவது, மாதா பாட்டு. அந்தத் தட்டு எங்கே இருக்கிறது? பீரோவின் மேல், போர்வைப் பெட்டிக்குப் பின்னால். இரண்டாவது, பாக்கியலட்சுமி. எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாளே, சாமியோடு போட்டி போடவைத்து அவளை நான் தோற்கடிக்கப் பார்த்தேனே.

மணி மூன்றே முக்கால். பயந்தால் நான் குணவதி இல்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன், மேலே நாலு சாமித் தட்டுகளையும் எழுதினேன், எண் இல்லாமல், மார்க் இல்லாமல், அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு, கோட்டுக்குக் கீழேதான் ஒன்று, இரண்டு, மூன்று. எல்லா அட்டையிலும் சாமியை மேலே ஏற்றி மற்றவற்றை ஓரிடம் நகர்த்தினால் பாக்கியலட்சுமியை இரண்டாவதாக எழுதிய எண்பது பேரும் அவளை முதலாவதாக எழுதியவர்கள் ஆகிறார்கள், அவளுக்கு அடுத்து வருகிற வயலின் தட்டு எங்கேயோ கீழே கிடக்கிறது. தில்லையம்பலம் ஐயா குதிப்பார், போன வருடங்கள் எல்லாம் என்னாவது என்பார், எல்லாம் தப்பு ஐயா, நான்தான் போட்டேன், அதையும் அச்சிலேயே போடுங்கள் என்பேன். ஒன்பது வருடத் தவறை ஒப்புக்கொள்ள ஒரு நிமிடம்தானே. அப்படி நினைத்ததும் மனம் லேசாகிவிட்டது, கூட்ட ஆரம்பித்தேன், ஓய், ஓய் என்று கூட்டல் ஓடியது, ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முடிந்தது, கீழே சைக்கிள் மணிச் சத்தம்.

காப்பி போடவா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன், மனுஷர் நோன்பு, உதடெல்லாம் உலர்ந்திருந்தது. கோட்டைக் காட்டி விளக்கினேன். தாவூது தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "மொத எடம் சாமிக்குலா டீச்சர், அதை யாரு கணக்குல எடுப்பா? நீங்க எடுத்தீங்களா?" என்றார். ஒன்பது வருடமா எடுத்தேன் பாய் என்றேன். "எடுக்காம எப்படி முருகன் வர்றாருன்னு நானும் யோசிச்சேன், என் கடையில அந்தத் தட்டைக் கேட்டு ஆள் வந்து மூணு வருஷமாச்சு," என்று சிரித்தவர், பாக்கியலட்சுமி பெயரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அல்ஹம்துலில்லா, பேஸ் வழியாப் போறவன்கிட்ட இன்னைக்கே சொல்லி அனுப்பறேன்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. பேனாவைத் திறந்து 'கணக்கு' என்று எழுதினேன். "என்ன டீச்சர் பாடறீங்க?" என்றார். நான் பாடவில்லையே. "பாடறீங்க, நான் படியேறும்போதே கேட்டுச்சு, ஓய் ஓய்ன்னு, அந்த டான்ஸ் பாட்டு." பேனா நின்றது. அது எத்தனாவது வந்திருக்கு என்று கேட்டார். ஒரு மார்க் பாய், ஒரே ஒரு மார்க், கடைசி. "சும்மா இருங்க டீச்சர், இந்த வருஷம் அதிகமா வித்ததே அதுதான், மூணு தடவை மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சேன், பாக்கியலட்சுமி தட்டு நூறு போச்சுன்னா அது நானூறு. நம்ம மன்றத்து ஆளுங்களும்தான் வாங்கினாங்க, பழைய பேப்பர்ல சுத்திக் குடுங்க பாய்ன்னு வாங்கிட்டுப் போனாங்க."

இருநூற்றுப் பதினான்கு அட்டைகளும் மேசையில் கிடந்தன, அழகான கையெழுத்துகள், அடித்தல் திருத்தல் இல்லாத வரிசைகள். எழுதாததற்கு நான் எப்படி மார்க் போடுவேன், போட முடியாது, ஒலி முகம்மது ஒருவர்தான் எழுதினார், அவரையும் மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டோம். மேலே பக்தி, கீழே வெட்கம், நடுவில் இருக்கிறதாவது நிஜமா, அந்த எண்பது பேரில் தாலாட்டுக்காக எழுதியவர் எத்தனை, நம்ம ஊர்ப் பெண் ஆயிற்றே என்று எழுதியவர் எத்தனை, நான் எதற்காக எழுதினேன்... இல்லை, தொண்டை அடைத்தது நிஜம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் முதலாவதுதான். 'சரி' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன், எப்போதும்போல ஒரே இழுப்பில், தாவூது தாளை ஊதி மை உலரவைத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், படி இறங்கப்போனார். பாய், என்றேன். திரும்பினார். அந்த டான்ஸ் தட்டு கடையில் இருக்கா? "இருக்கு டீச்சர், நாலஞ்சு இருக்கு." ஒன்று எடுத்து வையுங்க, புதன்கிழமை காய்கறிக்கு வரும்போது வாங்கிக்கிறேன், என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன், ஃபேரர் பார்க் திடலில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள், இருநூற்றுப் பதினான்கு வீட்டிலும் பீரோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ, யார் கண்டது. பேப்பர்ல சுத்தி, என்றேன்.