மூன்று மணிக்குத் துடைத்த மணல்

நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு யாரும் மிதிக்காத மணல் வேண்டும். படத்தில் காற்று போட்ட வரிகள் மட்டும் தெரிய வேண்டும்; தங்களுக்கு முன்னால் இருநூறு பேர் வந்து போனது தெரியவே கூடாது. இந்தக் கூத்துக்காக, ஜெய்சல்மேருக்கு மேற்கே தோலியா மணல்மேட்டுக் கூடார முகாமில் ஓர் ஆளையே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். தினமும் மூன்று மணிக்கு ஒட்டகத்தின் பின்னால் முள்கட்டு ஒன்றைக் கட்டி இழுத்து, மேடு முழுக்கக் கிடக்கும் காலடிகளை அழிப்பது அவன் வேலை. பெயர் பூராராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூராராம் ஒரு பாகி. காலடியைப் பார்த்தே ஆளையும் மாட்டையும் கண்டுபிடிக்கிற குடும்பம். சுற்று வட்டாரத்தில் ஒட்டகம் தொலைந்தாலும், வீட்டில் திருட்டுப் போனாலும் இன்றைக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சந்தேகமான காலடி கண்ணில் பட்டால் பாகி செய்கிற முதல் காரியம், அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பது. காற்றும் கலைக்கக் கூடாது, ஆளும் மிதிக்கக் கூடாது.

"ஊருக்குள்ள தட்டைக் கவுக்குற, முகாமுல முள்ள இழுக்குற. நல்ல பொழப்புய்யா உன்னோடது!" என்று அவன் மனைவி மூலி குத்திக் காட்டுவாள்.

"சம்பளத்த மட்டும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறியே, அப்ப இனிக்குதோ?" என்று அவனும் விடமாட்டான்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த அன்றைக்கும் அவன் முள்கட்டை இழுத்துக்கொண்டிருந்தான். மேற்குச் சரிவில் ஒரு தடம். ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால். வலது கால் இழுபட்டிருந்தது. வயசாளி, களைத்துப்போனவர். விளிம்பு மணல் இன்னும் சரியவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. போன தடம் இருந்தது, திரும்பிய தடம் இல்லை. பூராராம் ஒட்டகத்தை நிறுத்தினான்.

கீழே மேலாளர் ஜப்பர் சிங் கத்தினார். "என்னடா பூரா, மணல எண்ணிக்கிட்டு நிக்கிறியா? பஸ்ஸு வந்துருச்சுடா!"

"ஐயா, இங்க ஒரு தடம்..."

"தடத்த அழிக்கத்தான்டா உனக்குச் சம்பளம்!"

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சிரித்தார்கள். பூராராமுக்கு முகம் சுருங்கிப்போனது. யாரோ ஒதுங்கப் போயிருப்பார், வேறு பக்கமாக வந்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு ஒட்டகத்தைத் தட்டினான்.

ஆறு மணிக்கு, முகாமில் தங்கியிருந்த இந்தூர்க்காரப் பெண் மிருணாள் கூடாரம் கூடாரமாக ஓடினாள். அப்பா வசந்தராவ் நினைவு தப்புகிறவர். தூங்குகிறாரே என்று விட்டுவிட்டு, மதியம் ஜீப்பில் கோட்டை பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்தால் கட்டில் காலி. அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

"பயப்படாதீங்க மேடம், நம்ம பூரா பாகியாக்கும். தடத்தப் பாத்தே ஆளக் கொண்டாந்துருவான்," என்றார் ஜப்பர் சிங், ஏதோ தானே பெற்று வளர்த்தது போல.

அந்தச் செருப்பைப் பூராராம் பார்க்கவே தேவையில்லை. தண்ணீர்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்குச் சரிவுக்கு ஓடினான். மிருணாள் பின்னாலேயே வந்தாள். முள்கட்டு இழுத்த இடத்துக்கு அப்பால், மிச்சத் தடத்தைக் காற்று அழித்திருந்தது. அங்குமிங்கும் தேடி, ஓர் எருக்கஞ்செடியின் மறைவில் ஒரே ஒரு காலடி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனான்.

வெளிச்சம் போகிற நேரத்தில், வன்னி மரத்தடியில் கிழவர் கிடந்தார். உயிர் இருந்தது. உதடு வெடித்து, அதில் மணல் ஒட்டியிருந்தது. வெறுங்கால் முழுக்கக் கொப்புளம்.

தண்ணீர் உள்ளே இறங்கியதும், "கூப்புட்டுக்கிட்டே இருந்தேம்மா, யாருமே வரல," என்றார்.

மிருணாள் சட்டென்று பூராராமின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, எங்கப்பா உசுரக் காப்பாத்திட்டீங்க!"

சும்மா இருந்திருக்கலாம். அவனையும் ஜப்பர் சிங்கையும் தவிர விஷயம் யாருக்கும் தெரியாது. வேலையும் போகாது, பேரும் கெடாது. ஆனால் அந்தக் கை காலில் பட்டது அவனுக்குத் தாங்கவில்லை.

"எந்திரிங்கம்மா. மூணு மணிக்கே இந்தத் தடத்தப் பாத்தேன். திரும்பாத தடம்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் அழிச்சேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்பாவின் பாதத்தைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு அப்பா எவ்வளவு தூரத்துல இருந்திருப்பாரு?"

தெரியாது என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் பாகிக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

"மேட்டுக்கு அந்தாண்ட, ஐநூறு அடி. ஒரு சத்தம் குடுத்திருந்தா கேட்டிருக்கும்."

அவன் நீட்டிய கையைத் தொடாமல் மிருணாள் அப்பாவைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள். இரண்டு பேரும் தட்டுத் தடுமாறி முன்னால் போனார்கள். பூராராம் பின்னால், அவர்கள் தடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தான்.