வெயில் வராத அறை

மலை ஊரான நாகலூரில் அஃப்சானா வீட்டு மாடியறைக்கு ஒரு மாதமாக ஓர் ஆளும் தங்க வரவில்லை. குற்றம் அறையில் இல்லை, அவள் எழுதிய விளம்பரத்தில்தான். இணையத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றதும், கல்லூரி நோட்டைப் புரட்டி, 'லி'யில் முடியும் இருட்டுச் சொற்களாகப் பொறுக்கிப் போட்டுவிட்டாள். சூரியன் 'டிம்லி', அதாவது மங்கலாக, எட்டிப் பார்க்கும், மரங்கள் 'க்ளூமிலி' நிற்கும், பாதை 'மர்க்கிலி' மறையும். பேய் பங்களா என்று நினைத்துக்கொள்வார்கள், மாற்று என்று தோழி கவியா தலையில் அடித்துக்கொண்டாள். அஃப்சானா மாற்றவில்லை. மூடுபனி கட்டிய நாளைத்தான் அந்த ஊரில் நல்ல நாள் என்பார்கள். வெயில் சுள்ளென்று அடித்தால், மலையும் சேலமாகிவிட்டது என்று அலுத்துக்கொள்வார்கள். உள்ளதைத்தானே எழுதினேன் என்று அவளுக்கு வீம்பு.

மிளகு வியாபாரியான அத்தா ஜாபர் அலியிடம் அந்த வீம்பு செல்லுபடியாகவில்லை. மலையில் நடக்கும் கோடை விழா முடிவதற்குள் ஒருவராவது வந்து தங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்; இல்லையென்றால் அறை மிளகுக் கிடங்கு, அவள் சேலத்தில் மாமாவின் ஜவுளிக்கடைக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போதாததற்குக் காலிச் சாக்குகளை அறை வாசலில் கொண்டுவந்து அடுக்கினார். மலையை விட்டு இறங்க அவளுக்குத் துளியும் மனமில்லை.

விழா முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒருவர் வந்தார். திருச்சி டீச்சர் லூர்துசெல்வி, கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். கண்ணில் வெளிச்சம் பட்டால் தலை பிளந்துவிடுமாம். இரண்டு வருடமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டே கிடக்கிறாராம்.

"எல்லாரும் பளிச்சுன்னு இருக்கும்னுதான் எழுதறாங்க. நீ ஒருத்திதாம்மா மங்கலா இருக்கும்னு எழுதியிருந்தே," என்றார்.

மறுநாள் காலை, அந்த மாதம் முழுக்க அடிக்காத வெயில் கிழக்கு ஜன்னலில் வந்து கொட்டியது. திரையோ மெல்லிய வெள்ளைத் துணி. டீச்சர் கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சுருண்டிருந்தார். தன்னை நம்பி வந்தவரை ஏமாற்றிவிட்டோமே என்று அஃப்சானாவுக்கு அழுகை முட்டியது. ஓடிப்போய் அத்தாவிடம் சொன்னாள்.

அவர் மாடியேறினார். வாசலில் கிடந்த சாக்குகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கம்பியில் சத்தமில்லாமல் கட்டினார். அறை மங்கியது. டீச்சர் மெல்லக் கையை எடுத்தார்.

"ஏனுங்க டீச்சர், இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று ஜாபர் அலி கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

அவர் மகளைப் பார்த்தார்.

"சாக்கு இங்கயே இருக்கட்டும் கண்ணு. மொளகுக்கு வேற வாங்கிக்கறேன்."