ஒரு கால் பிளாட்பாரத்தில்

மனித குலம் முன்னேறாமல் போனதற்கு முழுமுதற் காரணம் என் அப்பா. தீர ஆராய்ந்த பிறகே இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நிலையம் ஒரு காலத்தில் ஜங்ஷன். பெரிய ரயிலில் வந்தவர்கள் பாலம் ஏறி இறங்கி, மலையடிவாரம் போகும் சின்ன ரயிலைப் பிடிப்பார்கள். இரண்டும் அருகருகே நிற்கும் அந்தப் பத்து நிமிடம் ஊருக்கே உயிர் வந்துவிடும். சின்ன ரயிலுக்கு அப்பாதான் கார்டு. பெரிய ரயில் எவ்வளவு தாமதமானாலும், கடைசி ஆள் பாலம் இறங்கும்வரை அவரது ஒரு கால் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில். அந்தக் கால் ஏறினால்தான் பச்சைக்கொடி. என்ஜின் டிரைவர் அதற்குள் ஒரு தூக்கமே போட்டுவிடுவாராம்.

பிறகு சின்னத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பெயர்ப்பலகையில் 'ஜங்ஷன்' மேல் பெயிண்ட் அடித்தார்கள். வெயில் சாய்ந்தால் எழுத்து இன்னும் லேசாகத் தெரியும். தண்டவாளம் கிடந்த இடத்தில் தார் போட்டு ஒரு பஸ் விட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள்தான். அது யாருக்காகவும் நிற்காது.

அப்பா விடுவாரா? தினமும் போய்ப் படியில் ஒரு காலை வைத்துக்கொள்வார்.

"பெரியவரே, இது ரயிலும் இல்ல, நீங்க கார்டும் இல்ல. இன்னொரு தடவை நிறுத்தினீங்க, டிப்போல எழுதிக் குடுத்துடுவேன்" என்றார் கண்டக்டர்.

"ரெண்டே நிமிஷம் தம்பி. பாலத்துல ஆள் வருது."

ஞாயிறுதோறும் ஹாஸ்டலுக்குத் திரும்ப எனக்கும் அதே பஸ்தான். நண்பர்கள் முன்னால் மானம் போயிற்று.

"ஏம்ப்பா, நாளைக்கு சூரியனையும் பிடிச்சு நிறுத்துவீங்களா?" என்றேன் வீட்டில்.

"கண்ணெதிர்ல வண்டி போறப்போ பாலத்துல நிக்கறவங்க முகத்தைப் பாத்திருக்கியாடா?"

"இல்ல. நான் முன்னேறினவன்."

அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு மூட்டு வீங்கிவிட்டது. அம்மா முன்னெச்சரிக்கையாக அவர் செருப்பையும் ஒளித்து வைத்தாள். நான் நிம்மதியாக பஸ் ஏறினேன். பெரிய ரயில் எட்டு நிமிடம் தாமதம். பாலத்தின் உச்சியில் ஒரு அம்மா, தோளில் தூங்கும் குழந்தை, கையில் இரண்டு மூட்டை. பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். அந்த முகம் எனக்கெதற்கு என்று ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடி ஜன்னல்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நான் எழுந்து போய் ஒரு காலை மட்டும் கீழே இறக்கினேன்.

"ஏம்ப்பா, ஏறப் போறியா, இறங்கப் போறியா?"

"செருப்பு வார் அறுந்துடுச்சுண்ணே. ரெண்டே நிமிஷம்."

நான் போட்டிருந்தது ஷூ.