ஏழு கருத்தம்மாளும் ஒரு நாள் அனுபவமும்

எங்கள் மேனேஜர் மலைச்சாமிக்கு எதையும் தாளில் பார்த்தால்தான் நம்பிக்கை. வெளியே மழை கொட்டுகிறது என்று சொன்னால்கூட யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்பார்.

1994-ல் ராஜபாளையத்தில் எங்கள் நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆள் வேண்டுமென்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். 'ஃபாக்ஸ்ப்ரோவில் இரண்டு வருட அனுபவம் கட்டாயம்.' ஃபாக்ஸ்ப்ரோ என்பது பட்டியல் போடுகிற சாஃப்ட்வேராம். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் விற்றவன் சொல்லிவிட்டுப் போன பெயர் அது.

நான் சங்கையா, டைம் ஆபீஸ் கிளார்க். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பதினெட்டு வருடமாக எழுதுகிறவன். எனக்கிருக்கும் அதிகாரம் ஒரே ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தான். ஷிஃப்ட் முடியுமுன் வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் சீட்டில் அதைக் குத்துவேன். கம்ப்யூட்டரில் ஏறப்போவது என் பட்டியல் என்பதால் இன்டர்வியூவில் என்னையும் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். முதலாவது ஆள் மதுரைக்காரர். இரண்டு வருட அனுபவத்துக்கு சர்ட்டிபிகேட் வைத்திருந்தார். பட்டியலைக் கையில் கொடுத்ததும் ஒரு தடவை புரட்டிவிட்டு, "முடிச்சிரலாம் சார்" என்றார்.

அடுத்தது நூர்பானு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தபடி, அங்கிருந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில் டிபேஸ் என்ற பழைய சாஃப்ட்வேரைத் தானாகவே கற்றவள். இன்ஸ்டிட்யூட்டை அந்த மாதத்தோடு மூடுகிறார்கள். வேலை கிடைக்காவிட்டால் தென்காசியில் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஒளிக்காமல் சொன்னாள்.

பட்டியலை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், இதுல ஏழு கருத்தம்மா இருக்காவ. யாரு எவருன்னு எப்படிப் பிரிச்சுப் பாப்பீக?"

"ஊரை வச்சுத்தாம்மா. சேத்தூர் கருத்தம்மா, சோழபுரம் கருத்தம்மா. சேத்தூர்லயே ரெண்டு பேரு. ஒருத்தி மேலத்தெரு."

"அப்ப ஊருக்குத் தனியா ஒரு கட்டம் போடணும் சார். நம்பரும் குடுக்கணும். ஃபாக்ஸ்ப்ரோ நான் தொட்டதில்ல. ஆனா டிபேஸ் கமாண்டு முக்கால்வாசி அதுல ஓடும்னு புக்குல படிச்சிருக்கேன்."

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது, இவள்தான் ஆள் என்று. அவள் போனதும் மேனேஜர் சிரித்தார்.

"வேலை தெரிஞ்சவன் கேள்வி கேப்பானா சங்கையா? தொட்டதே இல்லைன்னு அவளே சொல்லுதா."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில் பாதி இன்றைக்கும் அவர் மேல், மீதி என் மேல்.

மதுரைக்காரர் சேர்ந்தார். இனிமேல் கம்ப்யூட்டர் லிஸ்டில் பெயர் இருந்தால்தான் கேட்டுக்குள் விட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். மூன்றாவது வாரம் மதுரைக்காரர் லீவில் ஊருக்குப் போனார். மறுநாள் காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு ஒரே கூச்சல். முதலில் வந்த கருத்தம்மாள் உள்ளே போய்விட்டாள். மற்ற ஆறு பேரும் வாசலில் நின்றார்கள்.

"கருத்தம்மா உள்ள போயாச்சு. நீங்கள்லாம் யாரு?" என்றான் வாட்ச்மேன்.

"ஏலே, பத்து வருசமா என்னைப் பாக்கே. நான் யாருன்னு மிஷினைக் கேட்டுத்தான் தெரியணுமா?" என்றாள் மேலத்தெருக்காரி.

முத்தாத்தாள்களும் கருத்தப்பாண்டிகளும் அப்படியே நின்றார்கள். மொத்தம் முப்பத்தோரு பேர். உள்ளே பாதி மிஷின் ஓடவில்லை. மதுரைக்கு போன் போட்டோம்.

"ஒரே பேரு திரும்பத் திரும்ப இருந்துச்சு சார். போற அன்னைக்கு டெலிட் பண்ணி சுத்தம் பண்ணிட்டேன்" என்றார் அவர், பெருமையாக.

ஊரில் பாதிப் பேருக்குக் குலசாமி பெயர்தான். அதைச் சுத்தம் பண்ணுகிறானாம்.

மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வா" என்றார். பஸ் பிடித்துப் போனேன். இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டர்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள், ஒன்றும் கேட்காமல் கிளம்பி வந்தாள்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செத்த நேரம் பார்த்தாள். "டெலிட் மட்டுந்தான் போட்டிருக்காரு சார். அது சும்மா அடையாளம் வைக்கிறதுதான். பேக் கமாண்டு போட்டிருந்தா அம்புட்டும் போயிருக்கும்." எதையோ தட்டினாள். முப்பத்தோரு பேரும் திரும்பி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு நம்பர், எல்லாம் முடிந்தது. தொட்டே இராத ஃபாக்ஸ்ப்ரோவில்.

இந்தத் தடவை நான் வாயைத் திறந்தேன். "சார், இந்தப் பிள்ளையவே எடுத்திருவோம்."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். "கெட்டிக்காரிதான்யா. ஆனா அனுபவம் இல்லையே. நாளைக்கு முதலாளி கேட்டா எந்தத் தாளைக் காட்டுவேன்?"

நூர்பானு எழுந்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"சார், அப்ப இன்னைக்கு ஒரு நாள் ஃபாக்ஸ்ப்ரோல வேலை பார்த்தேன்னு எழுதிக் குடுங்க. அடுத்த இடத்துல காட்டுதேன்."

"ஒரு நாளுக்கு எவனாவது சர்ட்டிபிகேட் குடுப்பானா?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

டைப் மிஷினை இழுத்து நானே அடித்தேன். 'ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு நாள் அனுபவம். இரண்டு வருட அனுபவம் உள்ளவர் செய்த தப்பைச் சரி செய்தார்.' கீழே என் கையெழுத்து. மில் சீல் மேனேஜர் பீரோவில் இருந்தது. சீல் இல்லாத தாளை யார் மதிப்பார்கள் என்ற ஆத்திரத்தில், பழக்க தோஷமாக என் ஸ்டாம்ப்பை எடுத்து ஓங்கிக் குத்திவிட்டேன். குத்திய பிறகுதான் உறைத்தது.

அவள் தாளை வாங்கி, மை காயாத அந்த எழுத்தை வாசித்தாள். 'வெளியே செல்ல அனுமதிக்கப்படுகிறது.'

"சரியாத்தான் சார் குத்தியிருக்கீக" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கேட்டில் வாட்ச்மேன் அந்தத் தாளைப் பார்த்து வழிவிட்டான்.