ஹார்ன் ரிலே

சிவராஜ் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் அவன் மனைவி தாரா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த இன்ஹேலர் காலியாகிவிட்டிருந்தது. அவர்கள் குடியிருந்த லேக் கார்டன்ஸ் பகுதியில் விடியற்காலையிலிருந்தே மழை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினெட்டு வருஷத்துக் கார் அது. அதன் கோளாறெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சாவியைப் பாதியில் நிறுத்திக் காதைக் கொடுத்தான். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். சத்தமே இல்லை. இறங்கிப் பானெட்டைத் திறந்தான். பம்ப்பின் ஃபியூஸ் நன்றாக இருந்தது. அப்படியென்றால் பம்ப்புக்குக் கரண்ட் விடும் ரிலேதான் போயிருக்க வேண்டும். பக்கத்திலேயே ஹார்னின் ரிலே, அதே அளவில். இரண்டையும் இடம் மாற்றிச் செருகினான். பம்ப் முனகியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஹார்ன் அடிக்காது. பார்த்துப் போறேன்" என்றான். தாரா தலையை மட்டும் அசைத்தாள்.

ஆனால் அவள் உதடு நீலம் பாரித்ததைக் கண்டதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டான். காளிகாட் காளி கோயில் அருகே, குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். சிவராஜின் கை பழக்கத்தில் ஹார்னைத்தான் குத்தியது. கால் பிரேக்குக்குப் போவதற்குள், கார் ஈரத்தில் வழுக்கி அவரை மோதியது.

அவரையும் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். மதியத்துக்குள் தாராவின் மூச்சு சீரானது. பெரியவர் மூன்று மணிக்கு இறந்துபோனார். அந்தக் கோயில் வாசலில் பூ விற்பவர். அவருடைய மகள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சிவராஜ் கீழே போய் ரிலேக்களைப் பழையபடி மாற்றிவைத்தான். போலீஸ்காரர் வந்து அழுத்திப் பார்த்தபோது ஹார்ன் உரக்க ஒலித்தது.

சாயங்காலம் தாராவின் கட்டிலருகே நின்று சப்-இன்ஸ்பெக்டர் விசாரித்தார். தான் ஹார்ன் அடித்ததாகவும், மழையில் பெரியவருக்குக் கேட்கவில்லை என்றும் சிவராஜ் வங்காள மொழியில் சொன்னான்.

தாரா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள். ஹார்ன் ஒலிக்கவில்லை, ஒலிக்காது என்று தெரிந்தேதான் கிளம்பினோம் என்று அவளும் வங்காளத்திலேயே சொன்னாள். கதவருகே வந்து நின்றிருந்த பெரியவரின் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தாரா, என்ன இது?" என்றான் தமிழில்.

"எனக்காகத்தான் ஓட்டினீங்க. அதையும் சொல்றேன். ஆனா தப்பு அவங்கப்பா மேலதான்னு அந்தப் பொண்ணு காலம் பூரா நினைச்சுக்கிட்டு இருக்கணுமா?"

சிவராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு, காலையில் கார் கிளம்பாததிலிருந்து எல்லாவற்றையும் வங்காளத்தில் சொல்லத் தொடங்கினான். சப்-இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அந்தப் பெண் கடைசிவரை அங்கேயே நின்று கேட்டாள். பிறகு பிணவறைப் பக்கம் நடந்தாள்.